முதலில் பத்து நிமிடம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்புத் தட்டிவிடுகிறது, தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது, வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன் என்று படித்ததும் மனசு கனத்துப்போயிற்று. "கொஞ்சம் தேறியதும் உடற்பயிற்சி ஆரம்பிக்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் வேண்டாம். மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வதே அந்த ஆர்வத்தைத்தான். அது திரும்பி வரும்வரை காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். ஆர்வம் இல்லாமலேயே ஆரம்பி.

முதல் இரண்டு வாரம் தினமும் பத்தே நிமிட நடை, ஒரே நேரத்தில். மூன்று நிமிடம் மெதுவாக, ஐந்து நிமிடம் வேகமாக, கடைசி இரண்டு நிமிடம் மறுபடி மெதுவாக. வேகத்துக்கு அளவு இதுதான்: பேச வர வேண்டும், பாட வரக்கூடாது. பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போய் அரை மணியில் நிறுத்து. வாரம் ஐந்து நாள் அப்படி நடந்தால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவும் அதுவே.

நிறையப் பேர் சறுக்குவது முதல் வாரத்தில்தான். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் ஓடுவார்கள். பழக்கமில்லாத உடம்பு மூச்சிரைக்கும் எல்லையைத் தாண்டினால் மனசுக்கு அது வேதனையாகத்தான் இருக்கும், மறுநாள் செருப்பைப் பார்த்தாலே கசக்கும். கெண்டைக்கால் வலியும் சேர்ந்துகொண்டால் அத்தோடு முடிந்தது.

உனக்குப் படபடப்பு வருவதால் இன்னொன்று. வேகமாக நடக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதும் வியர்ப்பதும் பதற்றத்தின் அறிகுறிகளைப் போலவே இருக்கும், பயந்துவிடாதே. சில வாரங்களில் இதயத்துடிப்பு ஏறினாலும் தானே இறங்கிவிடும் என்று உடம்பு பழகிக்கொள்ளும். ஆனால் சட்டென்று நிற்காதே. கால்களில் ரத்தம் தேங்கித் தலை சுற்றும், அதையும் பதற்றம் என்றே நினைத்துவிடுவாய். நெஞ்சுவலி வந்தாலோ மயக்கம் வந்தாலோ கதை வேறு, உடனே மருத்துவரைப் பார்.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடு. நாற்காலி நுனியில் உட்கார், பாதங்களை இடுப்பகலத்தில் வை, உடம்பை முன்னால் சாய்த்து மூச்சை விட்டபடி எழு. உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்கு, தொப்பென்று விழாதே. பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

மனச்சோர்வுக்கு எடுக்கும் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு உள்ள, ஐம்பது வயதைக் கடந்த 156 பேரிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள் பயிற்சி செய்தவர்கள் 16 வாரத்தில் மாத்திரை எடுத்தவர்கள் அளவுக்கே தேறினார்கள். ஆனால் தொடக்கத்தில் மாத்திரைதான் வேகமாக வேலை செய்தது. பதினாறு வாரம் என்பதை நினைவில் வை, பத்தாம் நாளே கைவிட்டுவிடாதே. படபடப்புக்கு ப்ரொப்ரனலால் என்ற மாத்திரை எடுத்தால் நாடித்துடிப்பு குறைவாகவே காட்டும். கைக்கடிகாரத்தை விட்டுவிட்டு அந்தப் பேச்சுக் கணக்கையே நம்பு.

படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கடும் பயிற்சி கூடாது. முடிந்தால் காலை வெளிச்சத்தில் நட, தூக்க நேரம் சீராக அது உதவும்.

எழவே பிடிக்காத நாளில் செருப்பை மாட்டி ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பிவிடு. அதுவும் கணக்கில் சேரும். கிளம்பும் முன்னும் வந்த பின்னும் மனத்தின் இறுக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துவை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் நடையை நம்பி இருக்காதே. அன்றைக்கே மருத்துவரிடம் போ, எந்த நேரமானாலும் எனக்கும் போன் பண்ணு.

இரண்டு வாரம் கழித்து அந்த எண்களை எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சேகர்