1966 வொக்ஸ்வாகனை மீண்டும் ஓடவைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்குரியவர்களே,

பெரியப்பா விட்டுச்சென்ற 1966ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் 1300 கார் கடந்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வரை ஓடித் திரும்பியது. வழியில் எங்கும் எஞ்சின் சூடேறி நிற்கவில்லை. வந்து சேர்ந்த பின் பார்த்தபோது ஒயில் மட்டமும் இறங்கியிருக்கவில்லை. எஞ்சின், பிரேக், முன்சில்லுப் பூட்டுகள் என்று இயங்கும் பகுதிகள் அனைத்தையும் வீட்டு முற்றத்துக் கொட்டகையிலேயே கழற்றிப் பூட்டினோம். கொட்டகை மட்டுமே என்னுடையது. வேலை தெரிந்த கைகள் பிறருடையவை. தங்கள் பெயர் வெளிவருவதை அவர்கள் விரும்பாததால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி கொக்குவில் ஐயாவுக்கு. 1990களில் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வித்தையை ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்குச் செய்துகொடுத்தவர் அவர். எங்கள் காரும் அந்நாட்களில் மண்ணெண்ணெய் குடித்ததுதான். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயிலில் பெயாரிங்குகள் தேயும். அதனால், பிஸ்ரன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் நடுப் பெயாரிங் உட்காரும் இருக்கை அடிபட்டிருக்கும் என்று எஞ்சினைத் திறக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார். மக்னீசியக் கலப்புலோகத்தால் வார்த்து, நெடுக்காக இரண்டு பாதிகளாகப் பொருத்தப்படும் இந்த எஞ்சின் கூட்டில் அந்த இருக்கைதான் முதலில் தளரும் இடம். திறந்தபோது அவர் சொன்னபடியே இருந்தது.

இருக்கைகளை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைந்துதந்த கொழும்புப் பட்டறை நண்பர்களுக்கும், அதற்கேற்ற பெயாரிங் தொகுதியைத் தேடிப் பிடித்த, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் விற்கும் நானாவுக்கும் நான் கடன்பட்டவன். எங்களுக்கு வேண்டியிருந்தது வெளிவிட்டத்தில் 0.5 மில்லிமீற்றர் கூடியதும், கிராங்கைச் சாணைபிடித்ததால் உள்விட்டத்தில் 0.25 மில்லிமீற்றர் குறைந்ததுமான தொகுதி. நானா பெட்டியில் அச்சிட்டிருந்த அளவை நம்பாமல், ஒவ்வொன்றையும் மைக்ரோமீற்றரால் அளந்து காட்டிய பிறகே பணத்தை வாங்கினார். பழைய உதிரிப்பாகம் விற்பவர்களிடம் இப்படியொரு பழக்கத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கிராங்க் தண்டு முன்னும் பின்னும் அசையும் இடைவெளி 0.07 முதல் 0.13 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். தண்டின் முனையில் பூட்டும் கனத்த சக்கரமான ஃபிளைவீலுக்கும் முதற் பெயாரிங்குக்கும் இடையில் வைக்கும் மூன்று மெல்லிய வளையங்களே அதைத் தீர்மானிக்கின்றன. இரண்டை மட்டும் போட்டு அளந்து, கிடைத்த அளவில் 0.10ஐக் கழித்து, எஞ்சும் கனத்துக்கு மூன்றாவது வளையத்தைத் தெரிவு செய்வது முறை. ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தை நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜுக்கு அருகே கொண்டுபோய், ஃபிளைவீலை இரு கைகளாலும் இழுத்தும் தள்ளியும் பார்த்தார், முள் 0.44இல் நின்றது. 0.34 கனமுள்ள வளையம் எங்களிடம் இருக்கவில்லை. கிட்டத்தட்டச் சரியாக இருக்கும் ஒன்றைப் போடலாமே என்று கொட்டகையில் நின்ற எல்லோரும் சொன்னார்கள். ஐயா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிரவே நானா அந்த வளையத்தை யாழ்ப்பாணம் வரும் பேருந்தில் கொடுத்தனுப்பினார்.

ஃபிளைவீலின் நடு நட்டுக்கு ஏறத்தாழ 300 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும். அவ்வளவுக்குச் செல்லும் அளவுச்சாவி ஊரில் கிடைக்கவில்லை. சந்திக் கடை அண்ணை, மீன் நிறுக்கும் விற்றராசை இரவலாகத் தந்தார். 36 மில்லிமீற்றர் சொக்கற்றில் நீண்ட குழாயைச் செருகி, நட்டின் மையத்திலிருந்து ஒரு மீற்றர் தள்ளித் தராசைக் கொளுவி, முள் 30 கிலோவைக் காட்டும்வரை இழுத்தோம். பின்சில்லு அச்சு நட்டுகளுக்கும் அதே வழிதான். கிராங்கின் பற்சக்கரங்களை ஒயிலில் சூடாக்கித் தண்டில் ஏற்றுவதற்குத் தன் பெரிய தாச்சியைத் தந்த அண்ணிக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிட வேண்டும். அந்தத் தாச்சி இனிச் சமையலறைக்குத் திரும்பாது. புதியது வாங்கிக் கொடுத்தாயிற்று.

சுன்னாகத்துத் தகர வேலைக்காரரின் பங்கைப் பலர் சிறிதாக நினைக்கக்கூடும். என் கணிப்பில் இந்தக் கார் இன்று சூடேறாமல் ஓடுவதற்குப் பாதிக் காரணம் அவர்தான். இந்த எஞ்சினில் தண்ணீரும் இல்லை, ரேடியேற்றரும் இல்லை. விசிறி தள்ளும் காற்று, தகரக் கூட்டுக்குள் அடைபட்டுச் சிலிண்டர்களின் செதில்களூடாகப் போய்த்தான் ஆகவேண்டும். சிலிண்டர்களுக்குக் கீழிருந்த தகடுகளையும் விசிறிக் கூட்டின் உள் மடல்களையும், வெப்ப நாட்டுக்கு இவை எதற்கென்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருந்தார்கள். குளிர்காலத்தில் காற்றை அடைப்பதற்கு மட்டுமே மடல்கள் என்பது பலரிடம் உள்ள தப்பெண்ணம். திறந்து நிற்கும்போது காற்றைச் சிலிண்டர்களின் பக்கம் திருப்புவதும் அவையே. அதிலும் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் ஒயில் கூலர் குறுக்கே நிற்பதால், அங்கே சூடு எப்போதும் அதிகம். தொழிற்சாலையே 1970களின் தொடக்கத்தில்தான் கூலரை அந்த வழியிலிருந்து நகர்த்தியது. எங்களுடையது பழைய அமைப்பு. அவர் உடைந்த மாதிரிகளைப் பார்த்தும், அயலூர்க் கார் ஒன்றில் அளவெடுத்தும், ஒவ்வொரு தகட்டையும் விரலிடுக்கு விடாமல் வெட்டி வளைத்துப் பொருத்தினார். எஞ்சினைச் சுற்றி வரும் றப்பர்ப் பட்டியை ஜேர்மனியிலிருந்து பயணப் பெட்டியில் சுருட்டி வந்த மச்சானுக்கும் இதில் பங்குண்டு.

பிரேக் ட்ரம்களைக் கடைந்துதந்தவர்களுக்கும், பெற்றோல் குழாய்கள் அனைத்தையும் மாற்றாமல் எஞ்சினை இயக்கக் கூடாது என்று வாசலில் மறித்து நின்ற பக்கத்து வீட்டு மாமாவுக்கும் நன்றி. ஏறத்தாழ 110 கிலோ எடையுள்ள எஞ்சினை ஜாக்கில் இறக்கியதும், காரின் பின்புறத்தைத் தூக்கிப் பிடித்து வழிவிட்ட சனசமூக நிலையத்துத் தம்பிமாரையும் மறக்கவில்லை. அவர்களுள் இருவர் இப்போது கார்பரேற்றர் கழுவும் அளவுக்குத் தேறியிருக்கிறார்கள்.

முதல் 500 கிலோமீற்றர் ஓடியதும் இரண்டரை லீற்றர் ஒயிலையும் மாற்றி, ஒயிலை வடிக்கும் வலையைக் கழுவி, வால்வு இடைவெளிகளை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.15 மில்லிமீற்றருக்குச் சரிபார்க்க வேண்டும் என்று ஐயா கட்டளையிட்டிருக்கிறார். வரும் மாதத்து முதல் ஞாயிறு காலை அந்த வேலை நடக்கும். மேலே சொன்ன அனைவரும் குடும்பத்தோடு வந்து மத்தியானம் எங்களோடு இருக்க வேண்டும். அண்ணி ஒடியற்கூழ் காய்ச்சுகிறார். தாச்சியைப் பற்றி எவரும் அவரிடம் பேச்செடுக்க வேண்டாம்.

நன்றியுடன்,
கொட்டகைக்காரன்
யாழ்ப்பாணம்