கண்டியில் எந்தப் பக்கம்?

அன்பு மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். போனை எடுக்கிறாய் இல்லை. வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும் விழுகிறது. புது வேலை, நேரம் இருக்காதுதான். அதனால் பழையபடி பேனாவை எடுத்தேன். உன் புது விலாசம் எனக்குத் தெரியாது, ஆபீஸ் விலாசத்துக்கே போடுகிறேன். அங்கே வைத்துப் பிரிக்காதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறாள். தம்பி படிக்கிறேன் என்கிறான். மழையில்லாமல் கொழுந்து குறைவு. பெரியத்தை விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில், வெள்ளவத்தையில், வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டின ஒரு அனெக்ஸ் பார்த்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று கேட்காதே. நல்ல இடம்தான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. கோயில், சைவக் கடை, புடவைக் கடை என்று எல்லாம் காலி வீதியிலேயே இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கும் பெண் பிள்ளைகள் நடந்து போகலாம். ஆனால் உன் ஆபீஸ் ராஜகிரியவில். வெள்ளவத்தையிலிருந்து காலையில் இரண்டு பஸ் மாற வேண்டி வரும். கொட்டாஞ்சேனை என்றால் 176 பஸ் ஒன்றே போதும், பொரளை தாண்டி ராஜகிரியவிலேயே இறங்கிவிடலாம். நம்ம ஆட்களும் அந்தப் பக்கம் அதிகம். ஜம்பட்டா வீதியில் நின்று தோட்டத்துப் பேரைச் சொன்னால், அந்தத் தோட்டத்துக்காரர் யாராவது ஒருவர் இருப்பார். பொன்னம்பலவாணேசுவரர் கோயில் நடந்து போகிற தூரம். கருங்கல் கோயில், வெயில் நேரத்திலும் உள்ளே நம்ம ஊர் மாதிரி குளிர்ந்திருக்கும்.

கடலுக்குப் பக்கத்தில் இரும்பு நிற்காது, அதையும் யோசி. அலுமாரிப் பூட்டு, கதவுக் கீல், ஃபேன் எல்லாம் ஒரு வருஷத்தில் துருவேறிவிடும்.

எந்த இடமாக இருந்தாலும் பகலில் ஒரு தரம் மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதே. ராத்திரி ஒரு தரம் போய் அந்த ஒழுங்கையில் லைட் எரிகிறதா, யார் யார் நிற்கிறார்கள் என்று பார். பெரிய மழை பெய்த மறுநாள் ஒரு தரம் போ. காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்து பார், எல்லா வீட்டிலும் குளிக்கிற நேரத்தில் வருகிற தண்ணிதான் உனக்குக் கிடைக்கிற தண்ணி. கரண்டுக்குத் தனி மீற்றர் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் வீட்டுக்காரரின் ஏசிக்கும் சேர்த்து நீதான் கட்டுவாய். வாங்குகிற பணத்துக்கு எழுத்தில் எடு. வாயால் சொன்னது ஒன்றும் நிற்காது.

வெல்லம்பிட்டி, கொலொன்னாவைப் பக்கம் வாடகை மலிவு என்று ஆபீஸில் யாராவது சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அந்தப் பக்கம் ஆட்கள் வள்ளத்தில் போனதை நாம் எல்லோரும் டீவியில் பார்த்தோம். அடுத்த வருஷம் ஏப்ரல் 14, வருஷப் பிறப்பு அன்றைக்கே மீத்தொட்டமுல்லைக் குப்பை மலை வீடுகளுக்கு மேலே சரிந்தது. சரிகிற மண்ணுக்குக் கீழே பிறந்தவள் நீ. அங்கே போய்ச் சரிகிற குப்பைக்குக் கீழே குடியிருக்க வேண்டாம்.

வீடு பார்க்கும்போது அலுமாரியை நகர்த்தச் சொல்லி, பின்னால் சுவரைப் பார். தண்ணி ஏறிய வீடென்றால் முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு கோடு நேராக ஓடும். முன்பக்கமெல்லாம் பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். அலுமாரியை நகர்த்தி யாரும் அடிக்கிறதில்லை. கதவு நிலையின் அடியை நகத்தால் குத்திப் பார், பொதுபொதுவென்று இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வா.

இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று சிரிப்பாய். வீடு பார்த்துப் பழகித் தெரிந்ததில்லை. நம்மில் யார் வீடு பார்த்தோம்? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா, வரிசை வீட்டில் ஒரு அறை, உன் பாட்டனுக்குத் தோட்டத்துத் துரை காட்டினது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் அந்த லயங்கள் மண்ணோடு போன பிறகு நம்ம மேட்டையும் வந்து பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். எங்கே இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. டித்வா புயல் மழைக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் போனோம். வீட்டை இதுவா அதுவா என்று பார்த்து எடுக்கிற முதல் ஆள் நம்ம குடும்பத்தில் நீதான். கொழுந்து மடுவத்தில் அம்மா இதை யாரிடமாவது சொல்லாத நாள் இல்லை.

நான் கொழும்பில் ஏழு வருஷம் இருந்தும் ஒரு நாள் கூட ஒரு வீட்டில் இருந்ததில்லை. புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் புடவைக் கடை. 1989இல் போகும்போது எனக்குப் பதினேழு வயது. ராத்திரி முதலாளி வெளியே பூட்டிக்கொண்டு போவார், உள்ளே நாங்கள் ஐந்து பேர். பரணில் துணிக் கட்டுக்கு மேலேதான் படுக்கை. புதுத் துணியின் கஞ்சி வாசம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் ஏறினால் தூக்கம் வரும், அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடல். அவ்வளவுதான் நான் கண்ட கொழும்பு.

1996 ஜனவரி 31 மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஒரு ராத்திரி கடையைத் திறக்கச் சொல்லி எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். இதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் சிங்களத்தில் அதே கேள்வி, "கம கொஹெத?" ஊர் எது. நான் ஹட்டன் என்றேன். "வத்தேத?" என்றான். தோட்டமா என்று கேட்கிறான். ஆமாம் என்றதும் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு "பலயங்", போடா என்றான், நாயை விரட்டுகிற மாதிரி. எனக்கு அடுத்து இருந்த பையன் சாவகச்சேரி என்றான், யாழ்ப்பாணப் பக்கம். அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவனை அதற்குப் பிறகு நான் காணவில்லை. தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் அப்படி விட்டார்கள் என்றும் நினைக்காதே, வருஷக் கணக்காக உள்ளே இருந்தவர்களும் உண்டு. அன்றைக்கு என்னை வெளியே விட்டது தோட்டம் என்ற அந்தச் சொல். கடைக்கு நடந்து வரும்போது காதில் கேட்டுக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பு. அடுத்த மாதமே ஊருக்கு வந்துவிட்டேன்.

எதற்கு இதை எழுதினேன்? ஆம், இடம். இப்போது அந்தக் காலம் இல்லை. எந்த இடத்திலும் இருக்கலாம். ஆனாலும் 176 ஒரே பஸ், அதை மறந்துவிடாதே.

சரி, சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. தேயிலை ஸ்டோர் வாசலில் டியூட்டியில் நின்றேன். ஒரு அம்மா, யாழ்ப்பாணப் பேச்சு, நல்ல மரியாதையான குரல். "உங்கட மகள் அனெக்ஸ் பார்க்க வந்தவ. நல்ல பிள்ளை. தாய் தேப்பனோட ஒருக்கா கதைச்சிட்டுக் குடுப்பம் எண்டு எடுத்தனான்" என்றார். எனக்குச் சந்தோஷம். பிறகு கேட்டார், "நீங்கள் கண்டியில எந்தப் பக்கம்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

கட்டுகஸ்தோட்டை என்றேன். ஏன் அது வாயில் வந்தது என்று தெரியவில்லை, பஸ் போர்டில் பார்த்த பேராக இருக்கும். "கட்டுகஸ்தோட்டையோ! என்ர தங்கச்சியும் அங்கதான். எந்த றோட்டு?" என்றார். நான் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் கத்திவிட்டு வெட்டினேன். போனில் நாலு கோடு சிக்னல் இருந்தது. கொழுந்து லொறிக்காரன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆகவே இப்போது நாம் கட்டுகஸ்தோட்டைக்காரர்கள். நீ வேறு ஏதாவது சொல்லியிருந்தால் மாற்றிக்கொள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குக் கோபம்தான் வந்தது. ஒளிக்க மாட்டேன். நம்ம ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து இருநூறு வருஷம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, கம்பஸிலிருந்து போய்க் கடைசி இரண்டு நாள் நீயும் நடந்தாய். குதிகால் தோல் உரிந்து வீட்டுக்கு வந்து, உப்புத் தண்ணிச் சட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு, இருநூறு வருஷக் கதையை எனக்கே பாடம் எடுத்தாய். அந்த வழியில் செத்து விழுந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது உனக்குக் குரல் உடைந்தது. தம்பி கூட வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளைக்கு ஒரு அனெக்ஸுக்காக ஊர் மாறிவிட்டதா என்று நாலு பக்கம் எழுதத்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். முதல் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஏனென்றால் எனக்கு இஸ்தோப்பு, நம்ம காம்பராவின் முன் திண்ணை, ஞாபகம் வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். 2004இல் உன்னை டவுன் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்று விண்ணப்பம் வாங்கி வந்தேன். தோட்டத்து விலாசத்துக்குக் கிடைக்காது என்றார்கள். தெரிந்த முதலாளி ஒருவர் அவர் கடை விலாசத்தைக் கொடுத்தார், கரண்ட் பில்லும் கொடுத்தார். நேர்முகத்தில் பிள்ளையிடமும் கேட்பார்கள் என்று ஒருவர் சொன்னார். அதனால் ஒரு கிழமையாக இஸ்தோப்பில் உட்கார வைத்து உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். வீடு எங்கே பாப்பா? டன்பார் றோட். மறுபடியும் சொல்லு. டன்பார் றோட்.

கடைசி நாள் நீ விளையாட்டுக்கோ என்னவோ, தோட்டத்துப் பேரைச் சொல்லி, "ஆறாம் நம்பர் லயம், மாரியம்மன் கோயிலுக்குக் கீழே" என்று பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னாய். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் நான் அடித்தேன். கன்னத்தில் மூன்று விரல் பதிந்திருந்தது. அம்மா மலையிலிருந்து வந்து கேட்டபோது விழுந்துவிட்டாள் என்றேன். நீயும் ஆமாம் என்றாய். ஐந்து வயது உனக்கு.

மறுநாள் நேர்முகத்தில் நீ தெளிவாகச் சொன்னாய். டீச்சர் உன் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். வரும் வழியில் உனக்கு ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருஷம் படித்தாய். ஒரு சிநேகிதியைக் கூட வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பாள், பிள்ளைக்குக் கூட்டாளிகளே இல்லையா என்று. நான் ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவேன்.

கண்டி என்று ஏன் சொன்னாய் என்று இனி நான் உன்னைக் கேட்கமாட்டேன். வாடகைக்குப் பெயர் எழுதும்போது அந்த அம்மா அடையாள அட்டைப் பிரதி கேட்பார், விலாசம் அதில் இருக்கிறது. அதை யோசித்துக்கொள். கிராம சேவகர் ஜி.எஸ்.ஸிடம் வதிவிடக் கடிதமும் எடுத்து வைத்திருக்கிறேன். தோட்டம், டிவிசன், லய நம்பர் எல்லாம் சரியாக இருக்கிறது. நீ கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டால் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். சீட்டுக் காசு எடுத்தாகிவிட்டது, அட்வான்ஸுக்கு அதைச் சேர்த்துக்கொள். அம்மா தேயிலை இரண்டு கிலோவும் முட்டைக்கோவாவும் கொடுத்து விடுவாள், வேண்டாம் என்று சொல்லாதே. வெள்ளவத்தையா கொட்டாஞ்சேனையா என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மெசேஜ் போடு. வெள்ளவத்தை என்றால் புறக்கோட்டையில் இறங்கி 100 பிடிக்க வேண்டும், அல்லது 101.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: அலுமாரிக்குப் பின்னால் பார்த்தாயா? நான் வந்த பிறகு இரண்டு பேருமாக நகர்த்திப் பார்ப்போம். நீ தனியாக இழுக்காதே.