தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டு விடுமுறையும் பிள்ளைகளின் மூலிகைத் தொட்டிகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடியிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். அடைமழையிலும் வருகை பெரிதாகக் குறையவில்லை. எல்லோருக்கும் பாராட்டுகள். விடைத்தாள்களைப் பள்ளி திறந்ததும் தருவோம்.

அப்புறம், மூலிகைத் தொட்டிகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் புதினா, கற்பூரவல்லித் தண்டுகளும் துளசி, திருநீற்றுப்பச்சிலை நாற்றுகளும் கொடுத்தனுப்பினோம். நான்கும் ஒரே குடும்பம். துளசியின் இளந்தண்டை விரலில் உருட்டினால் நான்கு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். வரப்பில் நிற்கும் தும்பையும் இதே குடும்பம்தான் என்று ஒரு மாணவி தானே கண்டுபிடித்து, செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சென்ற வாரம் எல்லோரும் தொட்டிகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் 3 செடிகள், வயல் மருந்து வந்த பிளாஸ்டிக் கேனை அறுத்து அதில் வைக்கப்பட்டிருந்தன. இன்னொரு புதினாவில் மருந்து வாடை அடித்தது. கேட்டால், "புழு கடிச்சுது சார், சம்பாவுக்கு அடிச்சதுல மிச்சம் இருந்துச்சு" என்றான் பையன்.

யார் வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. நானும் விவசாயக் குடும்பம்தான். மருந்து டப்பாவைக் கழுவி, அதிலேயே தண்ணீர் மொண்டு குளித்து வளர்ந்தவன். வீட்டில் எதையும் வீணாக்காத பழக்கம் அது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

ஆனாலும் இதை யோசித்துப் பாருங்கள். நெல்லில் மருந்து அடித்த பிறகு அறுப்புக்கு நாள் இருக்கிறது. அப்புறம் உமி போகிறது, தவிடு போகிறது, அரிசி உலையில் வேகிறது. புதினாவைக் காலையில் கிள்ளி மதியமே பச்சையாகத் துவையல் அரைக்கிறோம். கற்பூரவல்லியைச் சளி பிடித்த குழந்தைக்குச் சாறெடுத்துக் கொடுக்கிறோம். சில மருந்துகள் வேர் வழியாகவும் இலை வழியாகவும் செடிக்குள்ளேயே போய்விடும். அதன்பின் இலையை எத்தனை தண்ணீரில் அலசினாலும் பயனில்லை. கேனும் அப்படித்தான், பிளாஸ்டிக் மருந்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். டப்பாவில் சாய்சதுரத்துக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற மூன்றைவிட நஞ்சு குறைவு, அவ்வளவுதான்.

ஆகவே கண்டிப்பாகவே சொல்கிறேன்: மருந்து கேனில் வைத்த செடியையும், வயல் மருந்து பட்ட செடியையும் பள்ளிக்குள் அனுமதிக்க மாட்டோம். வீட்டிலும் அந்த இலையை யாரும் சாப்பிடக் கூடாது. அந்தக் கேனைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். வாய்க்காலிலும் வீச வேண்டாம்.

பழைய மண்பானை, உடைந்த பிளாஸ்டிக் குடம், அரிசிச் சாக்கு எதுவும் போதும். அடியில் ஓட்டை முக்கியம். நம் ஊர்க் களிமண் மழையில் நீரைப் பிடித்துக்கொண்டு வேரை அழுகவைக்கும். பாதிக்குப் பாதி மணலும் மக்கிய எருவும் கலந்துவிடுங்கள். கற்பூரவல்லி தூறலில் நனையாத இடத்தில் இருக்கட்டும். புதினாவில் புழு வந்தால் கையால் பொறுக்கலாம். நிறைய என்றால் மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்துவிடுங்கள், புதிதாகத் துளிர்க்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

செடியை இழந்த பிள்ளையைத் திட்டாதீர்கள். பள்ளித் தோட்டத்தில் புதினா மண்டிக் கிடக்கிறது. புதிய தண்டு தருகிறோம். தண்ணீரில் போட்டு வைத்தால் பத்து நாளுக்குள் வேர் விட்டுவிடும்.

நடவு வேலைக்கு நடுவிலும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டிய அம்மாக்களுக்கும், மழையில் தொட்டியைத் திண்ணைக்கு நகர்த்திவைத்த தாத்தா பாட்டிகளுக்கும் என் மனமார்ந்த நன்றி. மண்பானை கிடைக்காதவர்கள் விடுமுறை தொடங்கும் முன் பள்ளியில் சொல்லுங்கள், எங்களிடம் சில இருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்