ஆண்டறிக்கை 2024-25: நம்ம நகர் விளையாட்டு சங்கம்

தலைவருக்கும் வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு. கோர்ட்டுக்கு எல்இடி லைட் போட்டாச்சு, பொங்கல் டோர்னமென்ட் நல்லபடியா நடந்துச்சு, உழைச்ச எல்லாருக்கும் நன்றி.

மிச்ச நேரத்த ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கிறேன். ஆடி மாசம் நம்ம ஜூனியர் பையன் ஒருத்தனுக்கு கண்ணுல ஷட்டில் அடிச்சது எல்லாருக்கும் தெரியும். டபுள்ஸ்ல நெட்டுக்கிட்ட நின்னவன், பின்னாடி பார்ட்னர் என்ன அடிக்கிறான்னு திரும்பிப் பாத்தான், பார்ட்னர் அடிச்ச ஸ்மாஷே கண்ணுல வந்து விழுந்துச்சு, கண்ணோட முன்பக்கத்துல ரத்தம் கட்டிக்கிச்சு. இப்போ பார்வை சரியாயிடுச்சு, ஆனா கண் பிரஷர் பல வருஷம் கழிச்சுகூட ஏறலாம், வருஷா வருஷம் செக் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

இறகு தானேன்னு நினைக்காதீங்க. ஷட்டில் முனையில இருக்கிற கார்க்கோட குறுக்களவு 25ல இருந்து 28 மில்லிமீட்டர் தான். கிரிக்கெட் பந்து பெருசு, கண்ண சுத்தி இருக்கிற எலும்பு கொஞ்சமாவது தடுக்கும், கார்க் அந்த எலும்புக்கு நடுவுல பூந்து நேரா கண்ணுமேலயே இடிக்கும். 2023ல நம்ம இந்திய பேட்மின்டன் வீரர் சாத்விக்சாய்ராஜ் அடிச்ச ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம்னு கின்னஸ்ல இருக்கு, நம்ம பசங்க அதுல கால்வாசி அடிச்சாலே ஆபத்துதான். அதனால நெட்ல நிக்கிறவங்க எக்காரணம் கொண்டும் திரும்பாதீங்க.

அன்னைக்கு ஒருத்தர் கண்ண தேய்ச்சு விட்டாரு, இன்னொருத்தர் மெடிக்கல்ல டிராப்ஸ் வாங்க ஓடினாரு. பாசத்துல செஞ்சது தான், ஆனா ரெண்டுமே கூடாது. கசக்காம, அழுத்தாம, ஒரு பேப்பர் கப்ப கண்ணுல படாம எலும்பு மேல நிக்கிற மாதிரி வச்சு டேப் ஒட்டி நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கப்பும் டேப்பும் இப்போ ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்ல இருக்கு.

டென்னிஸ் பால் டீம் கீப்பர்களே, ஸ்டம்புக்குக் கிட்ட நின்னா ஹெல்மெட் போடுங்க. 2012ல தென்னாப்பிரிக்கா கீப்பர் மார்க் பவுச்சர் கண்ணுல பட்டது பந்துகூட இல்ல, ஸ்டம்பு மேல வைக்கிற சின்ன கட்டை, பெயில், அதோட அவர் ஆட்டமே முடிஞ்சுபோச்சு.

பவர் கண்ணாடி போட்டிருக்கான்ல, போதாதான்னு சில பெற்றோர் கேக்குறாங்க. போதாது, சாதா லென்ஸ் ஒடைஞ்சா சில்லே கண்ணுக்குள்ள போகும். பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட ஸ்போர்ட்ஸ் கண்ணாடி வேணும், ஸ்குவாஷ்ல ஜூனியர் போட்டிக்கு இது கட்டாயம். வர்ற ஜூன்ல இருந்து நம்ம ஜூனியர் பேட்ச்லயும் கட்டாயமாக்கணும், வாங்க முடியாத வீட்டுக்கு சங்கமே பாதி பணம் தரணும்னு செயற்குழு தீர்மானம் வச்சிருக்கு. வேர்வைல பனி மூடுதுன்னு சொல்றவங்க இப்பவே பேசிடுங்க, அப்புறம் ஓட்டுக்கு விடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்