டெர்ம் முடியுது, கூடவே களாப்பழம் பத்தி கொஞ்சம் பேசணும்

அன்பான பெற்றோர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இந்த டெர்ம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. பரீட்சைல பசங்க நல்லாவே பண்ணிருக்காங்க, ஸ்போர்ட்ஸ்ல கப்பு வந்துருக்கு, ஓவியம் பேச்சு பாட்டுன்னு எல்லாத்துலயும் நம்ம பிள்ளைங்க பேரு இருந்துச்சு, ஜெயிச்சவங்களுக்கும் கலந்துக்கிட்டவங்களுக்கும் வாழ்த்துக்கள். லைப்ரரிக்கு புது புக்ஸ் வந்துருக்கு, தண்ணி டேங்க் கழுவியாச்சு. ரிப்போர்ட் கார்டை வெள்ளிக்கிழமை கிளாஸ் டீச்சர்கிட்ட வாங்கிக்கோங்க.

சரி, களாப்பழத்துக்கு வர்றேன்.

மொதல்ல ஒத்துக்கிறேன், இதை ஆரம்பிச்சு வச்சதே நாங்கதான். அஞ்சாம் கிளாஸ் பிள்ளைங்கள டீச்சர்ஸ் பின்னாடி இருக்கிற புதர்க்காட்டுக்கு கூட்டிட்டுப் போய், செடியையும் முள்ளையும் காட்டி, ரெண்டு கூடை பறிச்சுட்டு வந்து ஸ்கூல் கிச்சன்லயே ஜாம் காய்ச்சினாங்க. நல்ல பாடம் அது. நல்லா கறுத்துப் பழுத்தது முக்கால் பங்கு, சிவப்பா இருக்கிற செங்காய் கால் பங்கு, ஏன்னா செங்காய்லதான் பெக்டின் ஜாஸ்தி, ஜாம் கெட்டியாகறதே அதாலதான். பிரிட்ஜ்ல வச்ச தட்டுல ஒரு சொட்டு விட்டு விரலால தள்ளிப் பாத்தா தோல் மாதிரி சுருங்கணும், அப்பதான் பதம். அந்த சுருக்கத்தைப் பாத்து பசங்க போட்ட சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. எனக்கும் ஒரு ஸ்பூன் குடுத்தாங்க, நல்லாவே இருந்துச்சு.

அதோட நின்னுருந்தா இந்த லெட்டரே வேண்டியதில்ல.

அடுத்த வாரத்துலருந்து காலைல பெல் அடிச்சப்பறம் கேட்டுல நிக்கிற கூட்டம் பெருசாயிடுச்சு. ஒருநாள் எண்ணிப் பாத்தேன், 11 பேரு. எல்லார் கையிலயும் ஒரு பை, எல்லார் நாக்கும் ஊதா, ஆனா கேட்டா எல்லாருக்கும் சைக்கிள் பஞ்சராம். சட்டையில களாப்பால் பட்டு கறை, முழங்கை பூரா முள் கீறல். பாதி நாள் நம்ம ஆபீஸ் அக்கா ஊசிய வச்சுக்கிட்டு முள்ளு எடுக்கற வேலைதான் பாத்தாங்க. அப்பறம் லன்ச் டைம்ல வியாபாரம் வேற, ஒரு சின்ன பாட்டில் ஜாமுக்கு ரெண்டு பென்சிலும் ஒரு காம்பஸும்னு ரேட்டு போயிட்டு இருந்துச்சு (கணக்குல வீக்னு நாங்க நினைச்ச ஒரு பையன்தான் இதுல மொத ஆளு, அது தனிக்கதை). ஒரு பாப்பாவோட பைக்குள்ளயே பாட்டில் உடைஞ்சு நோட்டெல்லாம் ஜாம், ஜாம்குள்ள கண்ணாடி. நல்லவேளை கை வைக்கறதுக்கு முன்னாடி மிஸ் பாத்துட்டாங்க.

இதெல்லாம் கூட சிரிச்சுட்டுப் போயிடுவேன். போன வாரம் நடந்தத என்னால அப்படி விட முடியல.

மூணாம் கிளாஸ் பையன் ஒருத்தன் லன்ச் பாக்ஸ் நிறைய பழம் கொண்டாந்திருந்தான். "வீட்ல ஜாம் போடப் போறோம் மிஸ்"னு அவனே பெருமையா திறந்து காட்டினான். மிஸ் கொட்டிப் பாத்தா ஒரு அறுபது பழம் இருக்கும், அதுல நாலு மட்டும் வேற மாதிரி. அதுவும் கறுப்புதான், ஆனா மத்ததைவிட ரெண்டு மடங்கு பெருசு, உருண்டையா இல்லாம பக்கவாட்டுல புடைச்ச மாதிரி. வெட்டிப் பாத்தோம். களான்னா உள்ள சிவப்பா சதையும் சப்பையா சின்னச் சின்ன விதை நாலஞ்சும் இருக்கும். இதுல ஒரே ஒரு பெரிய கொட்டை, கல்லு மாதிரி. மஞ்ச அரளிக் காய் அது. அரளி விதைன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, இதயத் துடிப்பையே நிறுத்தற விஷம். அந்தப் பையன் மேல தப்பே இல்ல, காம்ப கிள்ளினா வெள்ளைப் பால் வரும்னு நாங்க சொல்லிக் குடுத்தோம், அதை அவன் சரியாத்தான் செக் பண்ணிருக்கான். களாவும் அரளியும் ஒரே குடும்பம், ரெண்டுலயும் பால் வரும். இந்த ஒண்ணை நாங்க சொல்லாம விட்டுட்டோம். யாரும் அதைத் திங்கல, கொட்டைய எண்ணி நாலும் இருக்குன்னு பாத்தப்பறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

இதை வாட்ஸ்அப் குரூப்புல சொன்னப்ப சில பேரு "நாங்கல்லாம் சின்ன வயசுல காடு மேடெல்லாம் தின்னுதானே வளந்தோம்"னு போட்டிருந்தீங்க. நானும் அப்படி வளந்தவதான், உண்ணிப்பழம் தின்னு வாயெல்லாம் கறுத்து அடி வாங்கியிருக்கேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம கூட எப்பவும் ஒரு பெரியக்காவோ ஆயாவோ இருந்தாங்க, இதைத் தின்னு, அதைத் தொடாத, உண்ணி பச்சையா இருந்தா ஆகாதுன்னு பின்னாடியே கத்திக்கிட்டு வருவாங்க. இப்ப எட்டு வயசுக்கு வழிகாட்டி ஒன்பது வயசு. வயக்காட்டு ஓரமா மருந்து அடிச்ச வேலிலயும் பறிக்குதுங்க, காட்டாமணக்கு காயையும் குன்றிமணியையும் அழகா இருக்குன்னு பாக்கெட்டுல போட்டுக்குதுங்க. ரெண்டும் விஷம்.

அதனால இதை மட்டும் கண்டிப்பா சொல்றேன், யாரும் கோச்சுக்கக் கூடாது. பெரியவங்க கூட இல்லாம எந்தப் பிள்ளையும் காட்டுப்பழம் பறிக்கப் போகக் கூடாது, ஸ்கூலுக்கு வர்ற வழியில கண்டிப்பா கூடாது. பழமோ வீட்டு ஜாமோ ஸ்கூலுக்குள்ள வரக்கூடாது, வந்தா ஆபீஸ்ல வாங்கி வச்சுருவோம், சாயங்காலம் நீங்களே வந்து வாங்கிக்கணும். பறிக்கப் போய் லேட்டா வந்தா அன்னிக்கே உங்களுக்கு போன் வரும். "ஒருநாள்தானே மிஸ்"னு யாரும் கேக்காதீங்க. தெரியாத பழத்த பிள்ளை தின்னுருச்சுன்னா வாந்தி வருதா மயக்கம் வருதான்னு பாத்துக்கிட்டு உக்காராதீங்க, நீங்களா வாந்தி எடுக்க வைக்கவும் வேணாம், மிச்சப் பழத்தையும் அந்தச் செடியோட ஒரு கொத்தையும் கையில எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வீட்ல ஜாம் போடறத நான் வேணாம்னே சொல்லல, தாராளமா போடுங்க, ஆனா கிண்டற வேலை உங்களோடது. ஒரு பாப்பா என்கிட்ட "அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க, நானே தனியா கிண்டினேன்"னு சொன்னப்ப அடிவயிறு கலங்கிடுச்சு. ஜாம் பதத்துக்கு வர்றப்ப சூடு 104, 105 டிகிரி இருக்கும், வெந்நீர் பட்டா வழிஞ்சு ஓடிரும், இது தோல்லயே ஒட்டிக்கிட்டு வேகும். பட்டுட்டா குழாய்த் தண்ணில 20 நிமிஷம் காட்டணும், பேஸ்ட் இங்க்னு எதையும் தடவக் கூடாது. பழம் கழுவறது, காம்பு எடுத்து கொட்டை நீக்கறது, லேபிள் எழுதறது இதெல்லாம் பிள்ளைங்க பண்ணட்டும்.

இன்னொண்ணு, நிறைய பேரு உடம்புக்கு நல்லதுன்னு சக்கரைய பாதியா குறைச்சுட்டு அப்பறம் பத்தே நாள்ல பூஞ்சை வந்துருச்சுன்னு கேக்கறீங்க. சக்கரை இனிப்புக்கு மட்டும் இல்லங்க, பழத்துல இருக்கிற தண்ணிய அது பிடிச்சு வச்சுக்கறதாலதான் ஜாம் கெடாம நிக்குது, கடைசில நூத்துக்கு 60, 65 பங்கு சக்கரை இருந்தாத்தான் வெளிய வைக்கலாம். குறைச்சுப் போட்டா கொஞ்சமா போட்டு பிரிட்ஜ்ல வச்சு சீக்கிரம் தீத்துருங்க. பூஞ்சை வந்தா மேல மட்டும் வழிச்சுப் போட்டுட்டு மிச்சத்தை பிள்ளைக்குக் குடுக்காதீங்க, பாட்டிலோட போகட்டும். களா புளிப்பு ஜாஸ்தி, அலுமினியப் பாத்திரத்துல காய்ச்சாதீங்க, எவர்சில்வர் போதும்.

கண்டிப்பா எழுதிட்டேனோன்னு இப்ப திரும்பப் படிக்கறப்ப தோணுது. நீங்க எவ்வளவு ஒத்துழைக்கிறவங்கன்னு எனக்குத் தெரியும். அரளி விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே அந்தப் பையனோட பாட்டி ஸ்கூலுக்கு வந்தாங்க. சண்டைக்குத்தான் வர்றாங்கன்னு நினைச்சேன். அவங்க ரெண்டு கிளையையும் ஒடிச்சு மடியில கட்டிக்கிட்டு வந்து, "களா இலை குட்டையா அகலமா இருக்கும், அரளி இலை கத்தி மாதிரி நீளமா போகும், களாவுல முள்ளு உண்டு, அரளிக்கு ஏது முள்ளு"ன்னு மூணாம் கிளாஸ் பூராவுக்கும் அரைமணி நேரம் பாடம் எடுத்துட்டுப் போனாங்க. எங்க சயின்ஸ் மிஸ்ஸே நோட்ஸ் எடுத்தாங்க. அவங்களுக்கும், காலைல பிள்ளைங்கள கேட்டு வரைக்கும் கொண்டாந்து விட ஆரம்பிச்ச எல்லாருக்கும் மனசார நன்றி. லீவு முடிஞ்சதும் ஒரு சனிக்கிழமை பெற்றோர்களும் சேர்ந்து வர்ற மாதிரி ஒரு பழம் பறிக்கிற நாள் வைக்கலாம்னு இருக்கோம், பாட்டி வர்றேன்னு சொல்லிட்டாங்க. முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்க.

ஆபீஸ்ல இப்போதைக்கு 17 பாட்டில் இருக்கு, அதுல மூணுக்கு மூடி மாறிப் போச்சு. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கார்டு வாங்க வர்றப்ப உங்களோடத பாத்து எடுத்துட்டுப் போயிருங்க, எறும்பு வர ஆரம்பிச்சுருச்சு.

இப்படிக்கு,
உங்கள் தலைமையாசிரியை