டிரைடன் விளையாடாத பருவம்

ஆசிரியருக்கு,

கனடாவின் முன்னாள் ஐஸ் ஹொக்கி வீரர் கென் டிரைடன் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மொன்றியல் கனடியன்ஸ் அணியுடன் அவர் வென்ற 6 ஸ்டான்லி கோப்பைகளும் (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியின் முதன்மைக் கோப்பை) ஆண்டு விவரத்தோடு இடம்பெற்றிருந்தன. சரி, ஆனால் அவர் விளையாடாத 1973-74 பருவத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒப்பந்தப் பேச்சு ஒத்துவராததால், புகழின் உச்சியில் இருந்த அந்தக் கோல்காப்பாளர் அணியை விட்டு விலகி, ரொறன்ரோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி வழக்கறிஞராக வேலை பார்த்தார். மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை விளையாடிக்கொண்டே முடித்திருந்ததால்தான் நிர்வாகத்திடம் 'முடியாது' என்று சொல்ல முடிந்தது. அடுத்த பருவம் திரும்பி வந்தார். 1976 முதல் 1979 வரை தொடர்ந்து 4 கோப்பைகள். 31 வயதில் தாமாகவே ஓய்வு பெற்றார். அப்புறம் நாடாளுமன்ற உறுப்பினர், மத்திய அமைச்சர்.

ஸ்காபரோவில் என் மகனை விடியற்காலைப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் அரங்கில், பெற்றோரின் பேச்சு முழுக்க எந்தப் பிள்ளை எந்த அணிக்குப் போவான் என்பதுதான். வீட்டுப்பாடம் காரிலேயே அவசரமாக முடிகிறது. ஆகவே, வீரர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் என்ன படித்தார்கள், ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதற்கும் இரண்டு பத்திகள் ஒதுக்குங்கள். கோப்பைக் கணக்கை இணையத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாசகர்,
ஸ்காபரோ