சட்டத்தில் ஏறிய சுங்குடி

லிங்கன், நெப்ராஸ்கா

அன்புள்ள தோழிக்கு,

நலம்தானே? வளைகாப்புப் படங்களைப் பார்த்தேன். உன் மகள் முகத்தில் அப்படியே உன் அம்மா. நேரில் வந்து ஒரு ஜோடி வளையல் போட முடியவில்லையே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இரண்டு மாதமாக வார இறுதியில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் இந்தக் குயில்ட்டோடு, அதுதான் துணித் துண்டுகளை ஒட்டி நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்போடு, உட்கார்ந்திருந்தேன். நேற்றுதான் முடிந்தது. நீ கொடுத்தனுப்பிய உன் அம்மாவின் நாலு சுங்குடிச் சேலையும் இதில் இருக்கிறது.

போன முறை என் மகளுக்கு ஒன்று தைத்தேனே, நினைவிருக்கிறதா? அதைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. தைக்கும் சட்டத்தில் மாட்டியபோது அகலம் 60 அங்குலம், இறக்கும்போது மேல் ஓரம் 60, கீழ் ஓரம் 57½. வேட்டி மடிப்பதுபோல இரண்டாக மடித்துப் பார்த்தேன், ஒரு பக்கத்து முனைகூட மற்றதோடு சேரவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் கல்லூரி விடுதிக்கு எடுத்துப் போய்விட்டாள், எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

இங்கே இதை நீளக்கை மெஷினில் தைக்கிறார்கள். கட்டில் நீளத்துக்கு ஒரு இரும்புச் சட்டம், அதில் உருளைகள், ஒவ்வொரு உருளையிலும் கித்தான் துணி பொருத்தியிருக்கும். அடித்துணியை அந்தக் கித்தானில் ஊசி குத்தி மாட்டி, மேலே பஞ்சு விரிப்பு, அதற்கும் மேலே துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த ஒட்டுத்துணி. துணி அசையாது, மெஷின்தான் தண்டவாளத்தில் ஓடும். ஒரு தடவைக்குப் பதினைந்து அங்குலம் போலத்தான் தைக்க முடியும், பிறகு உருட்டிவிட்டு அடுத்த பகுதி. சுருட்டிய துணி தடிக்கத் தடிக்க அந்த இடமும் குறைந்துகொண்டே வரும். வீட்டில் வைத்துக்கொள்ளும் சாமான் இல்லை, ஒரு கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறேன்.

கோணல் எங்கே வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் வரவில்லை. ஐந்து தடவை உருட்டினேன், ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து அரை, இரண்டரை. ஒவ்வொரு உருட்டலுக்கும் டேப்பை வைத்துப் பார்த்திருந்தால் இரண்டாவதிலேயே தெரிந்திருக்கும். அப்புறம் பக்கவாட்டுக் கிளிப்புகள். துணி மத்தளம் மாதிரி விறைப்பாக இருந்தால்தான் தையல் நன்றாக வரும் என்று நினைத்து இரண்டு பக்கமும் இழுத்து மாட்டினேன். அடித்துணியை இழுத்த நிலையிலேயே தைத்தால், கிளிப்பை எடுத்ததும் அது தன் அளவுக்குத் திரும்பும், மேல்துணியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். போதாததற்குக் கீழ்ப் பாதியில் ஆசைப்பட்டு நெருக்கமாக இறகு வடிவத் தையல் போட்டேன். தையல் நெருங்க நெருங்கத் துணி சுருங்கும், மேலே இடைவெளி விட்டும் கீழே நெருக்கமாகவும் போட்டால் சதுரம் எப்படி நிற்கும்?

உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் படித்த நாட்களை இந்தச் சமயத்தில்தான் நினைத்தேன். உன் அப்பா தறியில் உட்கார்ந்திருப்பார், நெய்த துணியின் குறுக்கே இரண்டு முனையிலும் ஊசி வைத்த ஒரு குச்சி வளைந்து நிற்கும், நாலு விரல் நெய்ததும் அதைக் கழற்றி முன்னால் தள்ளி வைப்பார், ஞாபகம் இருக்கிறதா? குறுக்கே ஓடும் ஊடை இழை இழுத்து அகலம் குறையாமல் இருக்க அந்தக் குச்சி. நான் பார்த்துப் பார்த்து வளர்ந்த வேலை அது! அவர் அந்தக் குச்சியை ஒரு தடவைகூட அவசரமாக மாற்றி நான் பார்த்ததில்லை.

இந்த முறை அதையே செய்தேன். கித்தானில் நடுவைக் குறித்து, அங்கிருந்து இரு பக்கமும் 30 அங்குலத்தில் பென்சில் கோடு. உருட்டியதும் முதல் வேலை, தைக்காத பகுதியின் இரண்டு ஓரத்தையும் அந்தக் கோட்டுக்கு நேராக வைத்து ஓட்டுத் தையல் போட்டுவிடுவது. அப்புறம்தான் உள்ளே கை வைப்பது. மெஷினில் ஒரு பூட்டு உண்டு, அதைப் போட்டால் முன்பின் அசையாமல் இடமிருந்து வலமாக மட்டும் நேர்கோட்டில் போகும். கட்டங்கள் சேரும் தையல் கோட்டின் மேல் ஊசியை அப்படியே வெறுமனே ஓட்டிப் பார்ப்பேன், எங்கே விலகுகிறதோ அங்கே துணியை விரலால் தள்ளிச் சரிசெய்வேன். இழுப்பதே இல்லை. கிளிப்புகளையும், விரலால் அடியிலிருந்து குத்தினால் மேலே லேசாகக் குழியும் அளவுக்குத் தளர்த்தியே வைத்தேன்.

சுங்குடி சும்மா விடுமா? இருபது முப்பது வருடம் துவைத்த சேலை, கையில் வெண்ணெய் மாதிரி வழிகிறது. நீளவாட்டுப் பாவு இழை வாக்கில் பரவாயில்லை, ஊடை வாக்கில் இழுபடுகிறது, கிராஸாக வெட்டினால் ரப்பர்தான். பார்த்தேன், சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு வடிகட்டி, வெட்டுவதற்கு முன்னாலேயே நாலு சேலைக்கும் போட்டு உலர்த்தி இஸ்திரி போட்டேன். காகிதம் மாதிரி நின்றது. வீடு முழுக்கக் கஞ்சி வாசம், ஏப்ரலில்கூடப் பனி பெய்யும் இந்த ஊரில் சின்னாளப்பட்டி வெயில் வாசம். கரைப் பட்டையையும் இந்த முறை நீளமாகத் தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டவில்லை. அப்படிச் செய்தால் கரை அலை அலையாகத் தொங்கும், சட்டத்தில் ஏற்றினால் அந்த அலை மடிப்பாகிவிடும். குறுக்கே மூன்று இடத்தில் அளந்து, சராசரி எடுத்து, அந்த அளவுக்கு வெட்டித்தான் சேர்த்தேன். யாராவது குயில்ட் தைக்கிறேன் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன், சட்டத்தில் வரும் பாதிக் கோணல் இங்கேதான் பிறக்கிறது.

சதுரம் சதுரம் என்று இவள் ஏன் இப்படி அலைகிறாள் என்று நீ கேட்பாய். இந்த ஊரில் பல்கலைக்கழகத்தின் குயில்ட் அருங்காட்சியகம் இருக்கிறது, 1997-இல் தொடங்கியது, மாதம் ஒரு முறையாவது போய்விடுவேன். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்க் கறுப்பினப் பெண்கள் தைத்த குயில்ட்கள் உலகப் புகழ் பெற்றவை, 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாகவே போட்டது. அவற்றில் பலவற்றின் ஓரம் நேராக இருக்காது, கட்டமும் கண் போன போக்கில் சாயும். எவ்வளவு அழகு தெரியுமா! ஆனால் அந்தச் சாய்வு அவர்கள் கண்ணால் பார்த்து, வேண்டும் என்று விட்டது. என்னுடையது கவனக்குறைவில் வந்தது. இரண்டும் ஒன்றில்லை.

இறக்கிய பிறகு கஞ்சி போக நன்றாக அலசினேன், கஞ்சி துணியில் தங்கினால் பூச்சி வரும். ஈரத்தோடு கம்பளத் தரையில் விரித்து ஊசி குத்தி, மூலைக்கு மூலை அளந்து அளந்து காயவிட்டேன். அலசியதில் சுருங்கியது போக நாலு பக்கமும் 58. மூலைக்கு மூலை ஒன்று 82, இன்னொன்றும் 82. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடனே உன்னைக் கூப்பிட நினைத்தேன், அங்கே நடுராத்திரி.

திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன். குழந்தை தவழ ஆரம்பித்ததும் கீழே விரிக்கச் சொல். தண்ணீரில் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், முறுக்கிப் பிழிய மட்டும் வேண்டாம். வலது கீழ் மூலையில் இருக்கும் கத்தரிப்பூ நிறத் துண்டு, நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு உன் அம்மா கட்டிக்கொண்டு வந்த சேலை, பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாய்.

அப்பாவின் தறிச் சாமான்களை நீங்கள் பரணில் போட்டதாகச் சொன்னாயே, அந்தக் குச்சி இருக்கிறதா என்று ஒரு நாள் ஏறிப் பார். இருந்தால் படம் எடுத்து அனுப்பு.

உன் பழைய பெஞ்சுத் தோழி